ஸ்வால்பார்ட்: ஜூலையில் ஏழு டிகிரி, மீதியெல்லாம் காற்று

நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய் ஊர் திரும்பி, அழுக்குத் துணிகளைத் துவைக்கப் போடுவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். கோபம் ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும். விசா, விமானம், உடை, செலவு என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் படகு விவகாரத்தை முதலில் கொட்டிவிட்டால்தான் மற்றது ஓடும்.

அங்குள்ள முக்கிய ஊரான லாங்யியர்பியனிலிருந்து கோடையில் பிரமிடெனுக்குப் படகு விடுகிறார்கள். 1998இல் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டு ரஷ்யர்கள் காலி செய்த ஊர் அது. வழியில் கடலில் வந்து முடிகிற பெரிய பனியாறு ஒன்றையும் காட்டுவார்கள். டிக்கெட் விலையை ரூபாயில் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு நார்வே குரோனர் எட்டு ரூபாய்க்கு மேல். கிளம்பும்போது அலையே இல்லை, வெயில்கூட அடித்தது. பாதி வழி தாண்டியதும் நாங்கள் போன இஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழி) வாய்ப் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து, காற்று பிடித்தது. பின்னாலேயே தாழ்வாக மேகம். எதிர் மலையின் உச்சி மறைந்தது, அப்புறம் மலையே மறைந்தது. கேப்டன் படகைத் திருப்பிவிட்டார்.

திருப்பியதில் எனக்குக் குறையே இல்லை. ஐந்தாறு டிகிரித் தண்ணீரில் வீரம் காட்டுகிறவர் ஓட்டும் படகில் நான் ஏறவே மாட்டேன். எரிச்சல் கரைக்கு வந்த பிறகுதான். பாதித் தூரம் போயாகிவிட்டதாம், பணம் திரும்ப வராதாம். வேண்டுமானால் மறுநாள் இடம் தருகிறோம் என்றார்கள். மறுநாள் எனக்கு விமானம். காற்று வருமென்று வானிலை அறிக்கை முந்தின இரவே சொல்லியிருந்ததே என்று கேட்டால், ‘இங்கே வானிலை அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார் படகு நிறுவனப் பெண். அப்படித்தான் என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி விதி வைக்க வேண்டாமா? பெயரைப் போட்டு வம்பில் மாட்ட விரும்பவில்லை. காசு கட்டுவதற்கு முன் ரத்து விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள், அவ்வளவுதான்.

இனி அந்த வானிலை. லாங்யியர்பியன் இருப்பது வடக்கு அட்சரேகை 78 டிகிரியில். கனடாவில் இதற்குத் தெற்கே, 74 டிகிரி சொச்சத்தில் ரெசல்யூட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டு சராசரியே மைனஸ் 15 டிகிரி. லாங்யியர்பியனில் மைனஸ் நான்குதான். எல்லாம் கடல் செய்கிற வேலை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர், இந்த ஊர் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. அதனால்தான் மேற்குக் கரையில் குளிர்காலத்தில்கூடப் பெருமளவு கடல் உறைவதில்லை. கிழக்குப் பக்கம் வருவதோ துருவத்திலிருந்து இறங்கும் குளிர்நீர். ஒரே தீவுதான், கிழக்குக் கரையில் வேறு உலகம்.

ஜூலை சராசரி ஏழு டிகிரி. பகல் ஒரு மணிக்கும் ஏழு, நள்ளிரவு ஒரு மணிக்கும் ஏறக்குறைய ஏழு. ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை சூரியன் மறைவதே இல்லை என்பதால் ‘சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்’ என்கிற பேச்சுக்கே இடமில்லை. அறைத் திரைச்சீலை சரியில்லாவிட்டால் தூக்கமும் இல்லை. ஏழு டிகிரியை ஊட்டியில் பார்த்தவர்கள் இதென்ன பெரிய குளிர் என்பார்கள். ஆட்வென்ட் பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் நடந்து பார்க்கட்டும். காற்றை மறிக்க அங்கே ஒரு மரம் கிடையாது. இருக்கிற துருவ வில்லோ செடி என் ஷூவின் உயரத்தைத் தாண்டாது. தடித்த ஒரே கோட்டைவிட, கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு ஃபிலீஸ், மேலே காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கிப் போடுவதே மேல். காதை மூடும் குல்லாய் கட்டாயம்.

தூறல் என்றேனே, அதுவும் வேடிக்கை. நாள் முழுக்க மேகம் மூடியிருக்கிறது, ஆனால் ஆண்டுக்குக் கிடைப்பது மழையும் பனியும் சேர்த்துச் சுமார் 200 மில்லிமீட்டர். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கணக்கு. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது என்பதுதான் காரணம். உதடு வெடித்துவிடும், தைலம் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.

நல்லதும் சொல்ல வேண்டுமே. படகு ஏமாற்றத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கடையில் தாய்லாந்துச் சாப்பாடு. துளசி இலை போட்டு வதக்கிய கோழி, சூடான சோறு, மேலே ஓரம் முறுகலாகப் பொரித்த முட்டை. ‘காரம் தாங்குவீர்களா?’ என்று கேட்ட அக்கா, நான் தலையாட்டியதும் நசுக்கிய பச்சை மிளகாயை மீன் சாஸில் போட்டுக் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். மூக்கில் நீர் வடிய வடியச் சாப்பிட்டேன். அந்த ஊரில் கொடுத்த காசுக்கு மனம் நிறைந்தது அது ஒன்றில்தான். துருவத்தில் தாய்லாந்துக் கடை எப்படி என்றால், ஸ்வால்பார்ட் நார்வேக்கு உரியது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட 1920 ஸ்பிட்ஸ்பெர்கன் ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே எந்த நாட்டவரும் விசா இல்லாமல் வந்து வேலை பார்க்கலாம். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் கணிசம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பகுதியாக அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. வடக்கே நை-ஓலசுண்டில் 2008 முதல் நமது ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்து ஃபியோர்டில் கடல்நீரின் வெப்பத்தை அளக்க 2014இல் கருவியும் இறக்கினார்கள்.

அளக்க நிறைய இருக்கிறது. லாங்யியர்பியனின் 1961-90 ஆண்டு சராசரி மைனஸ் 6.7 டிகிரி, மேலே சொன்ன மைனஸ் நான்கு 1991-2020க்கான கணக்கு. 2020 ஜூலை 25 அன்று 21.7 டிகிரி அடித்திருக்கிறது. இப்படி வெப்பம் ஏறுவது ஊருக்குள் நடந்தாலே கண்ணில் படும். வீடுகள் கட்டைக்கால்களில் நிற்கின்றன. வீட்டின் சூடு கீழே இறங்கி நிரந்தர உறைமண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காக. ஒரு பழைய வீட்டின் கீழே குனிந்து பார்த்தேன். தரையை ஒட்டிய இடத்தில் மரக்கால் கறுத்து உளுத்திருந்தது. புதிய கட்டடங்களுக்கு இரும்புக் கால்களை ஆழமாக இறக்குகிறார்கள். சுக்கர்டோப்பன் மலைச்சரிவில் வரிசையாக இரும்புத் தடுப்புகள்: 2015 டிசம்பரில் அங்கிருந்து பனி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். உலகின் பயிர் விதைகளைச் சேமித்து வைக்க, எந்தக் காலத்துக்கும் பத்திரம் என்று இங்கே கட்டிய உலக விதைப் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்திலேயே 2016இல் தண்ணீர் புகுந்தது. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து இறுகினால் கலைமான்களுக்குப் புல் எட்டாது. நான் பார்த்த குட்டைக்கால் கலைமான் சாலையோரத்தில் என்னைச் சட்டையே செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

சொல்வதாகச் சொன்ன விசா இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் அது ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்கு, வெளியே. நார்வே வழியாகப் போய்த் திரும்புவதால் ஷெங்கன் விசா இரண்டு நுழைவுக்காவது இருக்க வேண்டும். ஒரு நுழைவோடு போனால் திரும்பும்போது சிக்கல். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி பயம், துப்பாக்கியோடு வழிகாட்டி வேண்டும், அதற்கும் தனிக் காசு. காபி நானூறு ரூபாய். அறை வாடகையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.