சகுராவுக்கு மூன்று கைதட்டு

தமிழ் படிக்கும் பிள்ளையை ஜப்பானிய எழுத்து வரிசையை மனப்பாடம் செய் என்று படுத்த வேண்டியதில்லை. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹ ஒன்றுதான் இடிக்கும். பழைய ஜப்பானியத்தில் அதுவும் ப ஒலியாக இருந்ததுதான். இன்றும் ஹ வரிசை எழுத்தின் வலது தோளில் சின்ன வட்டம் போட்டால் ப ஆகிவிடும். 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருதம் கற்ற பௌத்தத் துறவிகளின் வழியில் உருவான வரிசை அது, ஆகவே நம்முடையதற்கு ஒருவகையில் உறவு முறை. இரண்டு அட்டவணைகளையும் அருகருகே மாட்டிவிட்டால் பாதி வேலையைச் சுவரே பார்த்துக்கொள்ளும்.

இந்த ஒலிகளை எழுதும் ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. வாரத்துக்கு ஒரு வரிசை போதும். மூன்று வரிசை முடிந்ததும் ஒரு வாரம் புது எழுத்தே கிடையாது. அவசரப்படும் ஆசிரியர் முதலில் வெட்டுவது இந்த வாரத்தைத்தான். பிறகு ம வரிசைக்கு வரும்போது ச வரிசை காணாமல் போயிருக்கும். சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்தான கன்ஜி முதல் ஆண்டில் வேண்டாம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியிலேயே முதல் வகுப்புக்கு 80தான், ஆறு ஆண்டுக்கும் சேர்த்து 1,026. மலை, ஆறு, மரம் எனப் படம்போலத் தெரியும் நாலைந்தை வேடிக்கைக்குக் காட்டலாம், தேர்வு வைக்கக்கூடாது.

அடுத்து காது. ஒலியின் நீளம் மாறினால் ஜப்பானியத்தில் பொருளும் மாறும்: 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. குறில், நெடில் தெரிந்த பிள்ளைக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாத்திரை எண்ணிக் கைதட்டச் சொல்லுங்கள்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கணக்குப் பிசகுவது மெய்யெழுத்தில். நமக்கு மெய் அரை மாத்திரை; அங்கே சொல்லில் வரும் 'ன்' தனக்கென ஒரு முழுத் தட்டு கேட்கும். ஆசிரியரைக் குறிக்கும் 'ஸென்ஸே' நான்கு தட்டு: ஸெ, ன், ஸெ, எ. பிள்ளைகள் மூன்றோடு நிறுத்துவார்கள். நாட்டின் பெயரை வைத்தே பழக்கலாம்: 'நிஹொன்' மூன்று, 'நிப்பொன்' நான்கு. இரண்டும் ஜப்பான்தான்.

உண்மையான சிக்கல் வல்லினத்தில் இருக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவே தனியாக மாட்டிய வல்லினம் தமிழில் தானாக மெலியும். அகம், அது, அடை என்று சொல்லிப் பாருங்கள். வலித்து ஒலிக்க வேண்டுமென்றால் பக்கம், பத்து என்று இரட்டிக்க வேண்டும். இரட்டிக்காமலும் மெலியாமலும் நடுவில் நிற்கும் க, த நம் வாய்க்குப் பழக்கமில்லை. ஜப்பானியத்திலோ அது அன்றாடம். செர்ரிப் பூவின் பெயர் 'சகுர'. அதை ஒரு பிள்ளை 'காகம்' என்பதன் இரண்டாவது க போல மெலித்து 'சகுரா' என்னும், திருத்தினால் 'சக்குரா' என்னும். இரண்டும் தவறு. (கடைசி எழுத்து குறில் என்பது இன்னொரு தகராறு.) 'வா' என்று அழைக்கும் 'கிதெ'வில் த வலித்து ஒலிக்கும், ஆனால் இரட்டிக்காது. இரட்டித்தால் 'கித்தெ', அதாவது தபால்தலை.

வழி தமிழிலேயே இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் க நமக்கும் வலிந்தே ஒலிக்கும்: குடை, கடல். அதனால் ச, கு, ர என்று ஒவ்வொன்றையும் புதுச் சொல் தொடங்குவதுபோலச் சொல்ல வையுங்கள், எழுத்துக்கு ஒரு தட்டு, மொத்தம் மூன்று. பிறகு தட்டுகளின் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாலாவது தட்டு நுழைந்தால் க் இரட்டித்துவிட்டது. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் 'கு'வுக்கு முன் அதிர்வு ஒரு கணம் அறுபட வேண்டும். அறுபடாமல் ஓடினால் மெலிந்துவிட்டது. நாளுக்கு நான்கு சொல், இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் கைதட்டல் மட்டும் மிஞ்சும்.

உச்சரிப்பைத் தமிழில் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ள விடக்கூடாது என்பதும் இதனால்தான். தமிழ் எழுத்தைக் கண்டதும் வாய் தமிழ் விதிப்படி மெலித்துவிடும். இந்தக் கட்டுரைக்கே அந்தக் குறை உண்டு. பொருளுக்குப் படம், ஒலிக்கு ஆசிரியரின் வாய், அவ்வளவுதான். ஓர் ஆறுதல்: வாக்கியக் கடைசியில் வரும் 'தெஸு'வின் உகரம் பாதி விழுங்கப்படும், 'காசு' சொல்வதுபோல முடி என்றால் உடனே வந்துவிடும்.

எழுதும்போது தமிழ்க் கை வேறு விதமாகத் தவறும். நம் எழுத்துகள் பெரும்பாலும் பென்சிலை எடுக்காமல் சுழித்து முடிப்பவை. ஹிரகானா கோடு கோடாக எடுத்து எடுத்துப் போடுவது. 'அ'வுக்கு மூன்று கோடு. ஒரே இழுப்பில் வரைந்தாலும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், வேகம் கூடும்போது உருக்குலையும். 'கி' எழுத்தில் ஒரு பொறி உண்டு. கணினியின் சாதாரண எழுத்துரு பலவற்றில் அதன் கீழ் வளைவு மேலே ஒட்டி மூன்று கோடாகத் தெரியும்; கையால் எழுதும்போது பிரிந்து நான்கு. பயிற்சித்தாளைப் பாடநூல் எழுத்துருவில் அச்சடிக்காவிட்டால் பிள்ளை கண்டதைத்தான் எழுதும், அதன்மேல் குற்றமில்லை. கட்டம் 3 சென்டிமீட்டர், நடுவே சிலுவையாகப் புள்ளிக்கோடு. ஓர் எழுத்தை ஐந்து முறைக்கு மேல் எழுத வைக்காதீர்கள். அதற்குப் பின் பிள்ளை மாதிரியைப் பார்ப்பதில்லை, தான் சற்றுமுன் எழுதியதைப் பார்த்தே எழுதும். முதல் கோணல் பத்தாவது கட்டத்தில் தனி எழுத்தாகியிருக்கும்.

படித்தது மனதில் நிற்க 'கருதா' என்ற ஜப்பானியச் சீட்டு விளையாட்டு நல்லது. குழுவுக்கு நான்கு பேர், தரையில் 20 சீட்டு, கைகள் முழங்காலில். ஆசிரியர் எழுத்தைச் சொன்னதும் தட்டி எடுக்க வேண்டும், தவறான சீட்டைத் தொட்டவர் ஒரு சுற்று உட்கார வேண்டும். ஒரே பிள்ளை எல்லாவற்றையும் அள்ளினால் அடுத்த சுற்றில் அதையே வாசிப்பவர் ஆக்கிவிடுங்கள். நு–மெ, ரு–ரொ போன்ற, பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரட்டையர்களை முதலில் தூரத்தூர வைத்து, இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தில் வைக்கலாம்.

இலக்கணம் பெரிதாக வேண்டாம். சொல் வரிசை நம்முடையதுதான். சுட்டுச் சொற்களை மட்டும் கவனிக்க வேண்டும்: கொரெ, ஸொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் 'உது' ஈழத் தமிழில் இன்னும் பேச்சில் இருக்கிறது. அதை மறந்தவர்களுக்கு ஸொரெ தடுக்கும். கிரகிர என்றால் மினுமினு, பெகொபெகொ என்றால் வயிறு காலி. இரட்டைக்கிளவி பேசும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

பண்பாடு என்றதும் கிமோனோ படம் காட்டுவது எளிது, பயன் குறைவு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தெகிமஸு' சொல்லுக்குச் சொல் 'போயிட்டு வரேன்'. பதிலும் 'போயிட்டு வாங்க'தான். அங்கிருந்து தொடங்குங்கள். வணக்கம் சொல்லிக் குனிவதில் பிள்ளைகள் கழுத்தை மட்டும் மடக்குவார்கள். இடுப்பிலிருந்து, முதுகு நேராக, சொல்லி முடித்த பிறகு குனிய வேண்டும். மரியாதைக்குச் சேர்க்கும் 'ஸன்' பிறர் பெயரோடு மட்டும். தன்னைத்தானே 'கவின் ஸன்' என்று அறிமுகம் செய்யும் பிள்ளை தன் பேருக்கே 'அவர்கள்' போட்டுக்கொள்கிறது. 'நீங்கள்' என்பதற்கு அகராதி 'அனத' தரும். அதை ஆசிரியரிடம் சொல்வது மரியாதைக் குறைவு. நாம் 'டீச்சர், சொல்லுங்க' என்பதுபோல ஸென்ஸே என்றே அழைக்க வேண்டும்.

தாள் மடிக்கும் கலையான ஒரிகாமியில் கொக்கு எல்லாருக்கும் ஆசை, ஆனால் அதன் இதழ் மடிப்பு ஆறு, ஏழு வயது விரலுக்கு வராது. நாய் முகம் போதும். 15 சென்டிமீட்டர் சதுரத் தாள், வண்ணப் பக்கம் கீழே. மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்து, நீளப் பக்கம் மேலே வருமாறு திருப்ப வேண்டும். மேல் மூலை இரண்டையும் சரிவாகக் கீழே இறக்கினால் காது, கீழ் முனையைக் கொஞ்சம் மேலே மடக்கினால் வாய். கெடுவது ஒரே இடத்தில்: மூலைகள் பொருந்துமுன் அழுத்திவிடுவார்கள். ஒரு விரலால் மூலையைப் பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து இருபுறமும் தேய்க்கச் சொல்லுங்கள். கண், மூக்கு வரைந்ததும் நாய் குரைக்கும், ஜப்பானியத்தில்: 'வன்வன்'. அதற்கு நான்கு தட்டு.