ஆல்பத்துக்குப் போன பணம், ஆடிஷனுக்கு அழைத்த வீடியோ

நடிக்க வாய்ப்புத் தேடி சென்னைக்கு வரும் புதியவர்களிடம் முதலில் பணம் கறப்பது போட்டோ ஷூட்தான். என்னிடமிருந்து 18,000 ரூபாய் போனது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வடபழனியில், நடிகர்களைக் கம்பெனிகளுக்குச் சேர்த்துவிடும் கோஆர்டினேட்டர் ஒருவர், "போர்ட்ஃபோலியோ இல்லாம எந்தக் கம்பெனியிலும் உள்ளே விடமாட்டாங்கம்மா. அதுவும் நான் சொல்ற ஸ்டுடியோவுல எடுத்தாத்தான் மதிப்பாங்க" என்றார். மேக்கப், மூன்று உடை, தடித்த அட்டை போட்ட ஆல்பம் எல்லாம் ஆயிற்று. வந்த படங்களில் என் நிறத்தை நன்றாக வெளுத்து, தாடைத் தழும்பையும் அழித்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சாலிகிராமத்தில் ஒரு கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்த உதவி இயக்குநர் ஆல்பத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல இருக்கறவங்களுக்கு எங்க கதையில வேலை இல்லைங்க. நேர்ல இருக்கற உங்களுக்கு இருக்கலாம். போன்ல சும்மா எடுத்த படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஸ்டுடியோக்காரர் அந்தக் கோஆர்டினேட்டருக்குப் பங்கு கொடுப்பது பிறகுதான் தெரிந்தது.

நேர்மையான கோஆர்டினேட்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களுக்கு வேலை கிடைத்த பிறகு, வரும் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுப்பார்கள். வேலைக்கு முன்னாலேயே ரெஜிஸ்ட்ரேஷன், காஸ்ட்யூம் டெபாசிட், ஆடிஷன் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொருவர், பணம் கொடுத்தால் சங்க கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். தென்னிந்திய நடிகர் சங்கம் தி.நகர் அபிபுல்லா சாலையில்தான் இருக்கிறது, உறுப்பினர் சேர்க்கை பற்றி அங்கேயே நேரில் கேட்டுக்கொள்ளலாம். இடையில் யாரும் வேண்டியதில்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நேரம் ஆக ஆகப் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகிவிடும்.

அடுத்த கடுப்பு, நடிக்க ஆள் தேவை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'காஸ்டிங் கால்' போஸ்டர்கள். வங்கி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வளசரவாக்கம் போய் இறங்கினால், அந்த வீட்டில் டியூஷன் நடக்கிறது. கம்பெனி காலி செய்துவிட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறதாம். அந்தப் படத்தின் ஷூட்டிங்கே முடிந்துவிட்டது. வெயிலில் என்னைப் போலவே இன்னும் நாலைந்து பேர் அதே போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஃபார்வர்டு ஆகி வரும் போஸ்டரில் பெரும்பாலும் தேதி இருக்காது. இயக்குநரின் அல்லது தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா, எப்போது போட்டார்கள் என்று பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அங்கே இல்லையென்றால் போஸ்டரில் உள்ள எண்ணுக்கு அழைத்து, படத்தின் பெயரும் இயக்குநர் பெயரும் கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் விட்டுவிடலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. இரவில், ஹோட்டல் அறையில், 'கேரக்டர் டிஸ்கஷன்' என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம். பகலில் ஆபீசில் பார்க்கலாம், கூட ஒருவர் வருவார் என்று பதில் அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பியதும் இரண்டு பேர் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. மலையாளத் திரையுலகில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்து, 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. படித்துப் பாருங்கள், நம் ஊருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்தாயிற்று. ஷூட்டிங் தளமும் வேலை செய்யும் இடம்தான்.

சரி, உருப்படியாக நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்த அதே உதவி இயக்குநர்தான், இப்போது எல்லாரும் பார்ப்பது நாமே போனில் நடித்து எடுத்து அனுப்பும் செல்ஃப் டேப்தான் என்று பத்து நிமிடம் நின்று சொல்லிக் கொடுத்தார். போனைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். வெறும் சுவர், முகத்தில் ஜன்னல் வெளிச்சம், ஃபில்டரோ பின்னணி இசையோ கூடாது. முதலில் பெயர், வயது, உயரம், சொந்த ஊர், பேசத் தெரிந்த மொழிகள். பிறகு முகம் நேராக, இரண்டு பக்கவாட்டு, முழு உருவம். அதன் பின் ஒரு நிமிடத்துக்குள் ஒரு காட்சி. எதிர்வசனத்தை கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் சத்தம் இறக்கிப் பேச வேண்டும்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது அனுப்பும் முறை. வருகிற கூகுள் டிரைவ் லிங்க்குகளில் பாதி திறப்பதே இல்லையாம், 'அனுமதி கேளுங்கள்' என்று நிற்குமாம். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும்போது யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, வேறொருவர் போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பினால் வீடியோவின் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயர், வயது, உயரம், ஊர், போன் நம்பர் இருக்கட்டும். வெறும் எண்களோடு போகும் ஃபைல் யாருடையது என்று அப்புறம் தேட முடியாது.

தினமும் காலையில் 'வணக்கம் சார், சான்ஸ் இருக்கா' என்று அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புகிறவர்களின் எண்களை அந்த உதவி இயக்குநர் மியூட்டில் போட்டிருந்ததைக் காட்டினார். புதிதாக ஒன்றில் நடித்திருந்தால் மட்டும் அதை அனுப்பி இரண்டு வரி எழுதினால் போதும்.

அந்தப் 'புதிதாக ஒன்று' எங்கே கிடைக்கும்? மாணவர்களிடம். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியிலும் சாலிகிராமத்தில் உள்ள எல்.வி. பிரசாத் அகாடமியிலும் படிப்பவர்களுக்கு, படிப்பை முடிக்க எடுக்கும் படங்களுக்கு நடிகர்கள் தேவைப்படுகிறார்கள். பணம் வராது, சாப்பாடும் ஆட்டோக் காசும் வந்தால் பெரிது. ஆனால் ஒழுங்காக ஒலிப்பதிவு செய்து, ஒழுங்காக ஒளி வைத்து எடுத்த உங்கள் காட்சி ஒன்று கையில் இருக்கும். அங்கே கிளாப் அடிக்கிறவர் நாளைக்குப் பெரிய கம்பெனியில் உதவி இயக்குநராக உட்காருவார். கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்து மேலே வந்தவர்கள்தான். பெரிய ஆள் வீட்டு வாசலில் காத்திருப்பதை விட, உங்களோடு சேர்ந்து வளரப்போகிறவர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் பார்க்கவும் போங்கள். முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று நடித்தவர்களிடம் பேசுங்கள். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே நடிப்பைக் கவனித்தவர். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் என்று வரிசையாக வந்தார்கள்.

எனக்கு ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஒரு மாணவர் படத்தில் கேமரா உதவியாளராக இருந்த தம்பி, ஒரு வெப் சீரிஸுக்குத் திருநெல்வேலிப் பேச்சு வரும் பெண்ணைத் தேடுகிறார்கள், பீடித் தொழிலாளி வேடம் என்று தகவல் சொன்னார். அனுப்பச் சொன்ன வசனம் பொதுத்தமிழில் இருந்தது. அதை அப்படியே ஒன்று எடுத்தேன். இன்னொன்றை எங்கள் தெருப் பேச்சில், மடியில் சுளகை (முறத்தை) வைத்து பீடி இலை வெட்டிக்கொண்டே பேசி எடுத்தேன். எதிர்வசனத்தை அம்மாவே பேசினாள். மறுநாளே கூப்பிட்டார்கள். "கத்திரியை யாரும் இப்படிப் பிடிக்கலைக்கா" என்றார் ஆடிஷன் எடுத்த தம்பி. அந்த வார்த்தையை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு உழவோ தறியோ பறையோ சிலம்பமோ தெரிந்தால் வீடியோவில் கட்டாயம் காட்டுங்கள். பட்டியலாக எழுதி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

ஷூட்டிங் நன்றாகவே போனது. போவதற்கு முன் சம்பளம், எத்தனை நாள், பயணச் செலவு, டைட்டிலில் பெயர் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, அவர்கள் 'ஓகே' போட்ட பிறகே ரயில் ஏறினேன். பாக்கிப் பணம் இரண்டு மாதம் இழுத்தபோது அந்த மெசேஜ்தான் உதவியது.

கடைசியில் டப்பிங்கில் ஒரு சிக்கல். என் வசனத்தை வேறொருவரை வைத்துப் பேசிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. என்னை எடுத்த காரணமே அந்தத் திருநெல்வேலிப் பேச்சுதானே என்று இயக்குநருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு காட்சியை மட்டும் பேசிக் காட்டச் சொன்னார். பேசினேன், மிச்சத்தையும் அன்றைக்கே முடித்துவிட்டோம். டப்பிங்குக்குத் தனியாகப் பணம் உண்டா என்று கேட்டதற்கு முதலில் இழுத்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள்.