பால்வெட்டு நேரம்

ஏப்ரல் 6, 2020, திங்கள்
நர்சிங் விடுதியைக் காலி செய்து குலசேகரம் பக்கம் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஊரே லைட்டை அணைத்து ஒன்பது நிமிடம் மெழுகுவர்த்தி ஏற்றியது. எனக்கு விடியற்காலை மூன்றரை வரை கண் மூடவில்லை. அப்பா தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் புறப்பட்டவர், என் அறையில் போன் வெளிச்சம் தெரிந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் உறங்கலியா மக்களே?"

ஏப்ரல் 10
புனித வெள்ளி. கோயிலுக்குப் போகாத முதல் புனித வெள்ளி. எழுந்ததே பத்தரைக்கு.

ஏப்ரல் 15
ஊரடங்கு மே 3 வரை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு இரண்டு மணிக்கும் பாதிப் பேர் விழித்திருக்கிறார்கள். கோவிட் வார்டில் இருக்கும் சீனியர் அக்கா ஒருத்தி அனுப்பிய படத்தில், முகக்கவசம் பதிந்த தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. நாளை நாங்களும் அங்கே நிற்கவேண்டியவர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எப்படித் தூங்குவது?

பாடத்தில் படித்த பிட்ஸ்பர்க் தூக்க அளவுகோலை எனக்கே போட்டுப் பார்த்தேன். 1989இல் வந்தது. ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. ஐந்தைத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை. கட்டிலில் கிடப்பது 11 முதல் 9 வரை, பத்து மணி நேரம். தூங்குவது ஆறு. அப்படியென்றால் கிடந்த நேரத்தில் 60 சதவீதம்தான் தூக்கம், அந்தப் பகுதிக்கு முழுசாக 3. மொத்தம் 12 வந்தது. நோயாளிக்கு வந்திருந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லியிருப்பேன். என் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது படுகிறது.

ஏப்ரல் 23
அம்மையிடம் சொன்னேன். "நாளைக்கு அப்பாகூட தோட்டத்துக்குப் போ" என்றாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 24
போனேன். இருட்டில் அப்பா கத்தியைச் சாய்த்துப் பட்டையை மெல்லிய நூலாகச் சீவ, வெள்ளையாகப் பால் ஊறி, சரிந்து, சிரட்டையில் சொட்டியது. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வரத்து நின்றுபோகும், அதுதான் இந்த நேரத்துக்கு வருவது. ஆறரைக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது கண் வழியாகப் போகும் இந்தக் காலை வெளிச்சம்தான். பரீட்சையில் முழுப்பக்கம் எழுதியிருக்கிறேன். இத்தனை வாரமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன்!

மே 1
எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஆறுக்கு எழுகிறேன். பகல் தூக்கம் இல்லை, நாலு மணிக்கு மேல் கட்டன்சாயா இல்லை. முதல் மூன்று நாள் தலைவலியில் அழுகையே வந்தது. குழுவில் இதை எழுதினேன். தோழி ஒருத்தி தனியாக அழைத்து, அந்த அளவுகோலில் தனக்கு 14 என்றாள். அரை மணி நேரம் பேசினோம். அவளையும் காலையில் முற்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 9
நேற்று இரவு மழை. பத்தரைக்குப் படுத்தேன். ஓட்டில் மழை விழ ஆரம்பித்தது கேட்டது. அப்புறம் அப்பா சிரட்டையைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டும் சத்தம்தான்.