மனைவியின் ஓட்டுக்காக ஒரு பழைய பட்டியலைத் தேடியது

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு பிரதி. பெயர், அடையாள அட்டை எண், பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல்), வரிசை எண் எல்லாம் அச்சாகியே இருந்தன. இப்போது ஆவணம் எதுவும் இணைக்க வேண்டாம், 2002 பட்டியலில் (சில தொகுதிகளுக்கு 2005) உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கும் இடத்தை எழுதினால் போதும் என்றார் வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. அக்கா.

அம்மாவுக்கும் எனக்கும் அது சுலபம். அன்றிலிருந்து அதே தெருவில் இருக்கிறோம். மனைவிக்குத்தான் இழுத்தது. அவள் பிறந்தது 1988, அந்தப் பட்டியல் வந்தபோது ஓட்டு வயதே ஆகவில்லை. அப்படியானால் அவளுடைய அப்பா அம்மாவின் பதிவைத்தான் காட்ட வேண்டும். கணவன் பதிவு செல்லாது. கல்யாணமானதிலிருந்து எங்கள் முகவரியில்தான் ஓட்டுப் போடுகிறாள்.

அவள் பிறந்த ஊர் அப்போது சாத்தான்குளம் தொகுதியில் இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. இன்றைய தொகுதியின் பெயரை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பழைய தொகுதியைப் பிடித்த பிறகும் எந்தப் பாகம் என்று தெரியவில்லை. மாமியாருக்குப் போன் போட்டோம். பாகம் எண்ணெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் பக்கத்து அறையில் ஓட்டுப் போட்டார் என்று பளிச்சென்று சொன்னார். வாக்குச்சாவடிப் பெயர்களில் அந்தப் பள்ளியைத் தேடி, மங்கலான பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியதில் மாமியாரின் பெயர் கிடைத்தது. வயது தப்பு, மாமனார் பெயரில் ஓர் எழுத்து தப்பு. பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள் என்றார் பி.எல்.ஓ. அக்கா. அந்த அறிவுரை ரொம்ப உதவியது.

கிடைக்காமல் போயிருந்தால்? நோட்டீஸ் வரும், ஆவணம் காட்ட வேண்டும். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்கள் தங்களுடையதோடு அப்பா அல்லது அம்மாவுக்கும் ஒன்று காட்ட வேண்டும். மனைவியிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது. மாமியாரோ மருத்துவமனையில் அல்லாமல் வீட்டிலேயே பிறந்தவர், பள்ளிக்குப் போகாதவர். அவரிடம் இருப்பது வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும். இரண்டும் அந்த ஆவணப் பட்டியலில் இல்லை. உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆதாரைச் சேர்த்தார்கள், அதுவும் அடையாளத்துக்கு மட்டும்தான், குடியுரிமைக்கு அல்ல.

குடிமக்களுக்குத்தான் ஓட்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த முறை இடம் மாறாதவர்களுக்கு வசதியானது. கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களும் வாடகை வீட்டுக்காரர்களும்தான் அலைந்தார்கள். மாமியார் மாதிரி ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் என் மனைவி என்ன செய்திருப்பாள்?

டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் எங்கள் எல்லோர் பெயரும் வந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொன்னார்கள். மாடியில் குடியிருக்கும் இளைஞர் பகல் முழுக்க வேலையில் இருப்பவர், படிவமே அவர் கைக்கு வரவில்லை. பட்டியலிலும் பெயர் இல்லை. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவருடைய அப்பாவின் பழைய தொகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.