59வது வாரத்துல நம்பர் ஒன்

கிளாஸ் அனிமல்ஸ்ங்கற இங்கிலாந்து பேண்டோட 'ஹீட் வேவ்ஸ்' பாட்டு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பேர் ஞாபகம் இல்லன்னாலும் டிக்டாக்லயோ ரீல்ஸ்லயோ கண்டிப்பா காதுல விழுந்திருக்கும். ஆனா அந்தப் பாட்டு சார்ட்ல ஏறின விதம் இருக்கே, அதப் பத்தி எவ்ளோ பேசினாலும் எனக்கு அலுக்காது.

பாட்டு வந்தது 2020 ஜூன் கடைசில. அமெரிக்கால வாரா வாரம் வர்ற டாப் 100 பாட்டு லிஸ்டான பில்போர்டு ஹாட் 100ல முதல் தடவ எட்டிப் பாத்தது 2021 ஜனவரில, அதுவும் கரெக்டா 100வது எடத்துல. நம்பர் ஒன் ஆனது 2022 மார்ச்ல. சார்ட்ல அதோட 59வது வாரம் அது! அதுவரைக்கும் முதலிடத்துக்கு வர ரொம்ப நாள் எடுத்துக்கிட்டது மரியா கேரியோட கிறிஸ்துமஸ் பாட்டுதான், அதுக்கே 35 வாரம்தான் ஆச்சு.

இது ஏன் பெரிய விஷயம்னா, ஹாட் 100 கணக்கு ஸ்ட்ரீமிங், ரேடியோ, விற்பனை மூணையும் சேத்துப் போடுறது, அதனால பெரிய ஸ்டார் பாட்டுன்னா ரசிகர்கள் எல்லாம் மொத நாளே போட்டுத் தள்ளி முதல் வாரமே மேல கொண்டுபோய் உக்கார வெச்சிடுவாங்க, அப்புறம் மெதுவா எறங்கிடும். அதோட 20 வாரம் தாண்டின பாட்டு 50க்குக் கீழ போனா பொதுவா லிஸ்ட்ல இருந்தே தூக்கிடுவாங்க. இப்படி ஒரு சிஸ்டத்துல ஒரு இண்டி பேண்டோட பாட்டு ஒரு வருஷத்துக்கு மேல தாக்குப் பிடிச்சு மேலயே போய்ட்டு இருந்துச்சுன்னா, புதுசு புதுசா ஆளுங்க அத கண்டுபிடிச்சு அடுத்தவங்களுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்கன்னுதான் அர்த்தம்.

மொதல்ல புடிச்சது ஆஸ்திரேலியாக்காரங்க. டிரிபிள் ஜே ரேடியோ வருஷா வருஷம் நடத்துற ஹாட்டஸ்ட் 100 ஓட்டெடுப்புல 2020க்கான முதலிடம் இதுக்குத்தான், அங்க சார்ட்லயும் நம்பர் ஒன். அப்புறம் டிக்டாக். நடுவுல மைன்கிராஃப்ட்ங்கற வீடியோ கேம் ஆடுற யூடியூபர்கள வெச்சு ஒருத்தர் இதே பேர்ல எழுதின ரசிகர் கதை ஒண்ணு பயங்கர ஃபேமஸ் ஆகி, அதப் படிச்சவங்க கூட்டம் கூட்டமா பாட்டத் தேடி வந்தாங்க. எந்த மார்க்கெட்டிங் டீம் உக்காந்து யோசிச்சாலும் இப்படி ஒரு பிளான் வராது. சொந்த ஊரான இங்கிலாந்துல 5வது எடம் வரைக்கும்தான் போச்சுங்கறது எனக்கு இன்னும் வருத்தம்.

இந்த பேண்ட் பட்ட கஷ்டமும் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல ஆரம்பிச்ச நாலு பேர் இவங்க. 2018ல டிரம்மர் ஜோ சீவர்ட் டப்ளின்ல சைக்கிள்ல போறப்ப லாரி மோதி மூளைல பலத்த அடி, பேசவே திரும்பக் கத்துக்க வேண்டிய நிலைமை. பேண்ட் இனிமே இருக்குமான்னே தெரியாத அந்த நேரத்துல பழைய ஞாபகங்கள கிளறிக் கிளறி பேண்டோட பாடகர் டேவ் பெய்லி எழுதினதுதான் 'ட்ரீம்லேண்ட்' ஆல்பம், 'ஹீட் வேவ்ஸ்' அதுல வர்றதுதான். எழுதினது, ப்ரொட்யூஸ் பண்ணது ரெண்டும் டேவ் ஒரே ஆள். இப்பல்லாம் ஒரு ஹிட் பாட்டோட கிரெடிட்ஸ்ல பத்து பேர் இருக்காங்க, அதனால இது எனக்கு ரொம்பப் பெரிசாத் தெரியுது.

வீடியோவும் லாக்டவுன்ல எடுத்தது. டேவ் லண்டன் தெருவுல வண்டில டிவிய அடுக்கி இழுத்துக்கிட்டுப் போறாரு, அக்கம்பக்கத்துக்காரங்க ஜன்னல்ல நின்னு போன்ல ஷூட் பண்ணிக் குடுத்தாங்க. வெளிய வர முடியாம, பக்கத்துல இல்லாத ஒருத்தர நெனச்சு ஏங்கிக்கிட்டு இருந்த எல்லாருக்கும் அந்தப் பாட்டு அவ்ளோ பொருந்திச்சு. எனக்கும்தான்.

முதலிடத்துல 5 வாரம் இருந்துச்சு, சார்ட்ல மொத்தம் 91 வாரம். தி வீக்கெண்டோட 'பிளைண்டிங் லைட்ஸ்' பாட்டு வெச்சிருந்த 90 வார ரெக்கார்ட தாண்டினப்ப எனக்குத் தலகால் புரியல. அந்த 91ஐ 2025ல டெடி ஸ்விம்ஸ் பாட்டு முறியடிச்சிடுச்சு, பரவால்ல. இந்த ஒரு பாட்டோட நிறுத்திட்டவங்க 2014ல வந்த இவங்களோட 'ஜாபா' ஆல்பத்தையும் முழுசா கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.