வாஷிங் மெஷின் குழாயை மூடுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் பாட்டனார் கட்டிய வீட்டின் மாடியில் நாங்கள் வசிக்கிறோம். கீழே ஒரு தையற்காரரும் அவருடைய வயதான தாயாரும் பல வருடங்களாகக் குடியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த ஒரு நாளில், காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் எங்கள் பக்கத்து வழக்கப்படி, நானும் என் மனைவியும் விடியற்காலையிலேயே புறப்பட்டோம். புறப்படும் முன் ஒரு தடவை துணி துவைத்து, மொட்டை மாடியில் உலர்த்திவிட்டு, மெஷினின் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கி வைத்தேன். குழாயை மட்டும் மூடவில்லை. மெஷின் வாங்கிய நாள் முதல் பதினோரு வருடங்களாக அந்தக் குழாய் திறந்தேதான் இருந்தது.

திருவொற்றியூர்க் கோயில் வரிசையில் நிற்கும்போது கீழ் வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, எங்க இருக்கீங்க? மேல இருந்து தண்ணி ஊத்துதுப்பா, ரூம்பு பூரா நிக்குது" என்றார். அவருடைய மகன் நிதானமான மனிதர். முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அலமாரியில் இருந்த வாடிக்கையாளர்களின் துணிகளைத் தெருத் திண்ணைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியின் கேட் வால்வை மூடப் பார்த்திருக்கிறார். வால்வின் சக்கரம் அசையவில்லை. வருடக்கணக்கில் யாரும் திருகாத வால்வு, உப்புத் தண்ணீரில் ஊறி, திறந்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. நாங்கள் வந்து சேர்ந்தபோது ஆயிரம் லிட்டர் தொட்டி காலியாகியிருந்தது.

கதவைத் திறந்தால் சமையலறையை ஒட்டிய நடையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் குளியலறை சிறியது என்பதால் மெஷினை அந்த நடையில்தான் வைத்திருக்கிறோம். அங்கே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. சுவரோரத்தில் இன்லெட் ஹோஸ் கிடந்தது. அதன் முனையில், சாதாரணக் குழாயின் மூக்கைக் கவ்விப் பிடிப்பதற்காக மாட்டும் பிளாஸ்டிக் அடாப்டர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அடாப்டரை மூக்கோடு இறுக்கும் சிறு திருகாணிகள் நான்கு. அவற்றில் இரண்டு இடத்தில் இருந்தன, ஒன்றுக்குத் தலை இல்லை, நான்காவது இருந்த துளையில் விரலை வைத்தபோது செந்தூள் மட்டும் ஒட்டியது.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஆபத்து இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மெஷினோடு வரும் ஹோஸின் முனையில் இருப்பது முக்கால் இஞ்ச் மரை. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ மூக்கில் மரையே இல்லாத அரை இஞ்ச் குழாய். இரண்டையும் சேர்ப்பதற்காகக் கொடுக்கப்படும் இந்த அடாப்டருக்கு, வழவழப்பான மூக்கின் மேல் நான்கு திருகாணி முனைகள் அழுந்திக்கொண்டிருப்பதைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. காசிமேட்டுக் கடற்காற்றும் வடசென்னை ஆழ்துளைக் கிணறுகளின் உப்பும் அந்த மெல்லிய இரும்பை எத்தனை நாள் விட்டு வைக்கும்? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட விஷயம். எங்கள் தெருவிலும் போர்த் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது.

மெஷினை அணைத்துவிட்டோமே, பிறகு எப்படித் தண்ணீர் வந்தது என்று என் மனைவி கேட்டாள். மெஷினுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு மெஷினின் முதுகில், ஹோஸ் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஆகவே சுவரில் உள்ள குழாய் திறந்திருக்கும் வரை, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஹோஸுக்குள் தண்ணீர் இரவும் பகலும் அழுத்தத்தோடு நின்றுகொண்டேதான் இருக்கும். வாரத்தில் நான்கைந்து மணி நேரம் வேலை செய்வதற்காக வாங்கிய ஹோஸைப் பதினோரு வருடங்கள் இடைவிடாமல் அழுத்தத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். போதாதற்கு, துவைக்கும்போது அந்த மின் வால்வு ஒவ்வொரு முறையும் படாரென்று மூடுவதால், ஓடிவந்த தண்ணீர் திடீரென்று தடைபட்டு ஹோஸையும் இணைப்பையும் ஒரு தட்டுத் தட்டுகிறது. மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது சுவருக்குள் கேட்கும் 'டொக்' என்ற சத்தம் அதுதான்.

எங்கள் வீட்டில் அழுத்தமும் பெரிதல்ல. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். எங்கள் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே நான்கு மீட்டர்தான் உயரம் என்பதால் அரைக் கிலோகூட வராது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்பாடு அதே குழாயை முழுதாகத் திறந்து ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். பதினைந்து லிட்டர் நிறைய 80 நொடிகள் ஆயின. அந்தக் கணக்கில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தொட்டி தீர்ந்ததும் தண்ணீர் நின்றது எங்கள் நல்ல காலம். தண்ணீர் குறைந்தவுடன் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோமேட்டிக் கருவி வைத்திருக்கும் வீடாக இருந்தால், சம்ப்பும் காலியாகும் வரை தொட்டி நிரம்பிக்கொண்டும் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டும் இருந்திருக்கும்.

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் பெட்டிகளுக்கு இடையே தொங்கும் ஏர் பிரேக் ஹோஸ்களில், பிரேக் பைப்பில் 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் நிற்கும். ஒவ்வொரு ஹோஸிலும் அது தயாரான மாதமும் வருடமும் பொறித்திருக்கும்; பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் கெடு முடிந்துவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்பதில் யாருக்கும் தயவு கிடையாது. ரப்பருக்கு வயது உண்டு என்பதை அந்தப் பட்டறைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதனால் அன்று மாலையே எங்கள் வீட்டு ஹோஸைத் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தேன். உலோகப் பட்டை ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற இடத்திலிருந்து அரை இஞ்ச் தள்ளி, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்ததால் மடங்கியே கிடந்த பகுதியில், மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. அடாப்டர் கழன்றிருக்காவிட்டால் அடுத்து அந்த இடம் கிழிந்திருக்கும்.

சேதத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இராயபுரம், மண்ணடி, சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகள் பலவற்றைப் போல எங்களுடையதும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நெட்டுக்குத்தலாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த தளம். மேலே நின்ற தண்ணீரைச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டு, பிறகு வாரக்கணக்கில் கீழே விட்டுக்கொண்டிருந்தது. தையற்காரரின் அறையில் அண்ணாந்து பார்த்தால், இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு துளி செங்கல் நிறத்தில் திரண்டு, வெகு நேரம் தொங்கி, பிறகு விழும். எட்டாம் நாள் வரை அது நிற்கவில்லை. கான்கிரீட் தளமாக இருந்தாலும் தப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். உப்பு கலந்த ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல் பூச்சைப் பிளந்து தள்ளும். ஆனால் தேக்குக் கட்டையில் சேதம் வெளியே தெரியாது. சுவருக்குள் பதிந்திருக்கும் முனையில் காற்றுப் படாததால் ஈரம் அங்கேயே தங்கி, அங்கிருந்துதான் மரம் உளுக்கத் தொடங்கும் என்று ஆசாரி சொன்னார்.

பிளம்பரை அழைத்து முதலில் அந்தக் குழாயை மாற்றினேன். மூக்கிலேயே முக்கால் இஞ்ச் மரை உள்ள, வாஷிங் மெஷினுக்கென்றே விற்கும் பித்தளைக் குழாய் எந்தச் சானிட்டரி கடையிலும் கிடைக்கிறது. ஹோஸின் நட்டை நேராக அதில் திருகிவிடலாம். பிளம்பர் பழக்கத்தில் ஹோஸ் மரைக்கும் டெஃப்ளான் டேப் சுற்றப் போனார். அது வேண்டாம் என்று தடுத்தேன். சுவருக்குள் போகும் மரைக்கு டேப் அவசியம். ஹோஸ் நட்டிலோ தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான். கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பானரால் முறுக்கினால் வாஷர் நசுங்கும், பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் விண்டுவிடும்.

குழாய் இருந்த இடத்தையும் மாற்றச் சொன்னேன். செலவில் பாதி இதற்குத்தான் ஆனது, ஆனாலும் செய்த வேலைகளில் இதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். மெஷினுக்குப் பின்னால், குனிந்து கைவிட்டுத் தேட வேண்டிய இடத்தில் இருக்கும் குழாயை யாரும் தினமும் மூட மாட்டார்கள். இப்போது அது சுவிட்சுக்கு எதிர்ப் பக்கம், மெஷினுக்கு மேலே, கண்ணுக்கு நேராக இருக்கிறது. சுவிட்சை அணைக்கும்போதே குழாயையும் மூடுவது ஒரு வாரத்தில் எங்கள் இருவருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது.

புது ஹோஸை மடங்காமல் வளையவிட்டு, மெஷினைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்தி, மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் ஹோஸின் மேல் பெயிண்டால் எழுதினேன். ஐந்து வருடங்களுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது என்பார்கள். நம் கடற்கரைப் பக்கத்துக்கு நான்கு வருடம் போதும் என்பது என் அபிப்பிராயம். எவர்சில்வர் கம்பி பின்னிய ஹோஸ் உறுதியானதுதான், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பரின் நிலை கம்பிக்குள் மறைந்துவிடும். பின்னலில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை மெஷின் பக்கத்து நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு வலைச் சல்லடையில் படிந்த உப்பைக் கழுவும்போது வாஷரையும் பார்த்துக்கொள்ளலாம். கேட் வால்வை மாற்றியாயிற்று. அதையும் மாதம் ஒரு முறை மூடித் திறக்கிறேன். அவுட்லெட் பைப்பை அது போகும் துளையிலேயே கிளாம்ப் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன், இதைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய ஆர்.வி. வண்டியைப் பற்றிச் சொன்னான். படுக்கை, சமையலறையோடு சின்ன வாஷிங் மெஷினும் வைத்த வீட்டு வண்டி அது. சாலையின் அதிர்ச்சியில் நட்டுகள் தளர்ந்துவிடும் என்பதால், வண்டியைக் கிளப்பும் முன் மெஷினுக்குப் போகும் குழாயை மூடுவான். போய்ச் சேர்ந்ததும் நட்டுகளைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே திறப்பான். தங்கும் முகாம்களில் தண்ணீர் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால், வெளிக் குழாயிலேயே ஒரு ரெகுலேட்டரை மாட்டி 50 பி.எஸ்.ஐ. அளவில், அதாவது நம் கணக்கில் மூன்றரைக் கிலோவில், நிறுத்திக்கொள்கிறான். குளிர் காலத்தில் ஹோஸிலும் வால்விலும் தங்கிய தண்ணீர் உறைந்தால் விரிந்து பிளந்துவிடும் என்று முன்கூட்டியே வடித்துவிடுகிறான். அந்த வண்டியின் தரை பிளைவுட். ஒரு வாளித் தண்ணீர் போதும், உப்பிப் போக. மெஷினை ஒரு தட்டின் மேல் நிறுத்தி, அந்தத் தட்டில் ஈரம் பட்டால் கத்தும் சிறு அலாரம் ஒன்றையும் போட்டிருக்கிறானாம். உறைபனி நமக்கு இல்லை. தட்டும் அலாரமும் நமக்கும் ஆகும் என்று நானும் வைத்துவிட்டேன். தட்டிலிருந்து ஒரு பைப் குளியலறைக்குப் போகிறது.

தையற்காரரின் நனைந்த துணிகளில் பட்டு ஜாக்கெட் துணி மூன்று கறைபட்டுவிட்டது. அவற்றின் விலையையும் அவருடைய நாலு நாள் வேலைக் கூலியையும் கொடுத்தேன், வேண்டாம் என்றவரை வற்புறுத்தித்தான் வாங்க வைத்தேன். கீழ்க் கூரையில் பூச்சு உதிர்ந்த இடத்தை இன்னும் மூடவில்லை. சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டையில் தங்கிவிடும், சுண்ணாம்புதான் பூச வேண்டும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். மூன்றாவது கட்டையின் சுவர்ப்பக்க முனையில் ஸ்க்ரூ டிரைவர் அரை விரற்கடை இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை போய்த் தை பிறந்ததும் ஆசாரி மறுபடியும் வந்து குத்திப் பார்ப்பார்; அதுவரை அந்தக் கட்டைக்கு அடியில் ஒரு இரும்பு முட்டு நிற்கிறது.