வெள்ளை முண்டும் ஒரு வோல்ட்டும்

பழைய வீடியோ கேசட்டை கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருவது என் வேலை. போன மாசம் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தான். துணிப்பையில் சுற்றிய ஒரே ஒரு விஎச்எஸ் கேசட். தொண்ணூறுகளில் எடுத்த ஹெத்தையம்மன் பண்டிகை, படகர்களின் குலதெய்வத் திருவிழா. "இதுல எங்க பாட்டி நடந்து வருவாங்கண்ணா. போட்டோ ஒண்ணுகூட இல்ல."

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. எங்கள் ஊர் மூடுபனி பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையையே விடாது, டேப்பை விடுமா? பூஞ்சையோடு பிளேயரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். சிலிக்கா ஜெல் டப்பாவில் நாலு நாள் காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து எடுத்தேன்.

பிளேயரிலிருந்து டிபிசி, அதிலிருந்து சிக்னலை கம்ப்யூட்டர் ஃபைலாக்கும் கேப்சர் கார்டு. டிபிசி என்றால் டைம் பேஸ் கரெக்டர். பழைய டேப் ஒரே சீராக ஓடாது. படத்தின் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதை வாங்கி வைத்துச் சரியான நேரத்தில் விடுவதுதான் இதன் வேலை. இது இல்லாவிட்டால் சிக்னல் போய்விட்டது என்று கார்டு நினைத்து ஃபிரேமை விட்டுவிடும், அப்புறம் படம் ஒரு பக்கம், ஆடியோ ஒரு பக்கம். மூன்று மணி நேர டேப் என்றால் மூன்று மணி நேரமும் உட்கார வேண்டும். கம்ப்ரஸ் செய்யாமல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி.

முழுசும் எடுத்து முடித்த பிறகுதான் வேவ்ஃபார்மை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, திறந்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன. கோட்டின் உச்சி கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக நின்றது.

பண்டிகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளை முண்டு, வெள்ளைத் துண்டு. அதன்மேல் மார்கழி வெயில். நம்ம ஊர் டிவி முறையான PAL-இல் சிக்னல் மொத்தமே 1 வோல்ட், அதில் 0.3 கோடுகளை வரிசைப்படுத்தும் சிங்க்குக்குப் போக, படத்துக்கு மிச்சம் 0.7. கார்டு அதை எண்ணாக்கும்போது கருப்பு 16, வெள்ளை 235. மேலே இன்னும் கொஞ்சம்தான் இடம். பழைய வீட்டுக் கேமராக்கள் வெயிலில் அதையும் தாண்டி எழுதும். தாண்டியது போனது போனதுதான். கலர் கரெக்‌ஷனில் பார்த்துக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தேன், வெள்ளை சாம்பலானதே தவிர, துணியில் ஒரு மடிப்புகூடத் திரும்பவில்லை.

முன்பு சென்னையில் டிவிக்காரர்களின் பீட்டாகேம் டெக்கில் வேலை பார்த்தபோது டேப் தொடக்கத்தில் கலர் பார் (அளவு பார்க்கும் வண்ணப் பட்டைகள்) இருக்கும். அதை வைத்து லெவல் சரிசெய்துவிட்டுத்தான் கேப்சர் பட்டனைத் தொடுவோம். வீட்டு விஎச்எஸ்ஸில் யார் பார் போட்டார்கள்? டேப்பை ஓட்டி, இருப்பதிலேயே பளீரென்ற ஷாட்டைத் தேடிப்பிடித்து அதையே அளவுகோலாக வைக்க வேண்டும். இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். டிபிசியில் வீடியோ கெயினை (சிக்னலின் அளவை) அந்த வெள்ளை மேல் எல்லைக்குள் அடங்கும்வரை இறக்கி, கருப்பை ஒருமுறை சரிபார்த்து, மறுபடி மூன்று மணி நேரம்.

அவுட்புட்டில் பெரிய வேலை இல்லை. படத்தின் அடியில் நெளிகிற பட்டை அந்தக் கால டிவியில் ஃபிரேமுக்கு வெளியே ஒளிந்திருக்கும். எல்இடியில் அப்படியே தெரியும். "கீழே என்னண்ணா புழு?" என்று கேட்பார்கள். அதை வெட்டினேன். நொடிக்கு 50 ஃபீல்டை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடு கொண்ட பாதிப் படங்களை, 25 ஃபிரேமாகச் சுருக்காமல் 50 ஃபிரேமாகவே விட்டேன். நடை அப்போதுதான் நடைபோல இருக்கும்.

தம்பி வந்து பார்த்தான். பாட்டி வரும் இடத்தில், "நிறுத்துங்கண்ணா" என்றான். துண்டின் ஓரத்தில் சின்ன முடிச்சு. முதல் கேப்சரில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"என்ன முடிஞ்சு வெச்சிருக்காங்க?"

காசாக இருக்கும் என்றேன். இல்லையாம், பாட்டி கையில் காசே வைத்துக்கொள்ள மாட்டாராம். அம்மாவைக் கேட்கிறேன் என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனான்.